ஆர்தர் கிளார்க், '2001', ராமா: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க்கைப் புதிதாகப் படிக்கிறவர்களும் '2001' என்ற விண்வெளிப் படத்தைப் பாதியில் நிறுத்தியவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பாதிக் குழப்பம், படத்தையும் நாவலையும் ஒரே சரக்கென்று நினைப்பதால் வருகிறது. மீதி, கதைக்குள் அவர் போட்டிருக்கும் எண்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவதால். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறோம். சில கதைகளின் முடிவு வெளியே வந்துவிடும்; அது பிடிக்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிளார்க்தான் '2001' படத்தோட டைரக்டரா?

இல்லை. இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். நாவல் கிளார்க்கின் பெயரில் மட்டும் வந்தது.

ஆர்தர் சி. கிளார்க் 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை, போருக்குப் பின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வந்ததற்கு முக்கியக் காரணம் விண்வெளி அல்ல, கடல்: ஆழ்கடலில் மூழ்கிப் படமெடுப்பதில் அவருக்கு அவ்வளவு பைத்தியம்.

எதுல ஆரம்பிக்கிறது? நேரா '2001' புத்தகத்தையே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் 'தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' என்ற 1953ஆம் வருடச் சிறுகதையில் தொடங்கினால் ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். திபெத்திய மடம் ஒன்று கடவுளின் பெயர்களையெல்லாம் அச்சடிக்க ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கிறது. சில பக்கங்கள்தான். கடைசி வரியை முதலில் பார்த்துவிடாதீர்கள்.

அடுத்து 'ராண்டேவூ வித் ராமா', பிறகு 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்'. மனிதர்களின் மன ஓட்டத்தை விரும்பிப் படிப்பவர்களுக்கு ராமா வறட்சியாகத் தோன்றும். அதில் வருகிறவர்கள் எல்லாரும் வேலை தெரிந்த, நிதானமான அதிகாரிகள். கிளார்க்கின் பலவீனமே அதுதான்; அவர் கதையில் நாயகன் பெரும்பாலும் இடம்தான்.

முதல்ல வந்தது நாவலா, படமா?

இரண்டும் கூடவே வளர்ந்தவை. விதை, 'தி சென்டினல்' என்ற சிறுகதை. 1948இல் பிபிசி நடத்திய போட்டிக்கு எழுதினார், பரிசு கிடைக்கவில்லை; 1951இல்தான் அச்சேறியது. நிலவில் ஒரு மலைமேல் யாரோ விட்டுப்போன சிறு பிரமிடு. அதை மனிதர்கள் உடைத்ததும் அதன் சமிக்ஞை நின்றுபோகிறது. வைத்தவர்களுக்கு அந்த மௌனமே தகவல்.

குப்ரிக்கும் கிளார்க்கும் 1964 ஏப்ரலில் நியூயார்க்கில் சந்தித்தார்கள். முதலில் நாவலாக எழுதி அதிலிருந்து திரைக்கதை எடுப்பது என்று திட்டம். நடந்ததோ, ஒன்று மற்றொன்றைத் திருத்திக்கொண்டே போனது. படம் 1968 ஏப்ரல் தொடக்கத்தில் வெளியானது. நாவல் அதற்குச் சில மாதம் கழித்து வந்தது. ஆகவே 'நாவலைப் படமாக்கினார்கள்' என்பதும் தவறு, 'படத்தை நாவலாக்கினார்கள்' என்பதும் தவறு.

படத்தைப் போட்டா ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு, இசை மட்டும் ஓடுது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அது தியேட்டரில் ஆட்கள் உட்காரும்வரை ஓடவிடும் முன்னிசை, சுமார் மூன்று நிமிடம். இடைவேளை முடிந்ததும் இதே மாதிரி ஒருமுறை வரும். படம் தொடங்கி ஏறக்குறைய 25 நிமிடம் கழித்துத்தான் முதல் வசனம். கடைசி 20 நிமிடத்துக்கு மேல் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. சப்டைட்டில் வேலை செய்யவில்லை என்று கழற்றி மாட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் காட்சிகளில் காட்டிய நீளம் சுமார் 161 நிமிடம். குப்ரிக்கே உடனே 19 நிமிடத்தை வெட்டினார். இன்று கிடைப்பது அந்த வெட்டிய வடிவம். அதைவிடக் குறைவாக இருந்தால், யாரோ முன்னிசையையும் இடைவேளையையும் நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதைக்கு நட்டமில்லை.

அந்தக் கறுப்புப் பலகை என்னதான்?

'2001' கதையில் முதலில் ஆதிமனிதர் நடுவிலும் பிறகு நிலவிலும் தோன்றும் அது, வேற்றுலகத்தவர் வைத்த கருவி. படம் அதற்குமேல் சொல்லாது. நாவல் வெளிப்படையாகச் சொல்லும்: ஆதிமனிதக் கூட்டத்துக்கு அது பாடம் நடத்துகிறது, கல்லை எறியவும் எலும்பைப் பிடிக்கவும் பழக்குகிறது. நிலவில் புதைந்திருப்பது வேறு பலகை, வேறு வேலை. அது ஒரு அலாரம். தோண்டியெடுத்து அதன்மேல் சூரிய வெளிச்சம் பட்டதும் கூவுகிறது. வெளிச்சம் படும்படி தோண்டத் தெரிந்தவர்கள் நிலவுவரை வந்துவிட்டார்கள் என்பதுதான் செய்தி. 'சென்டினல்' கதையின் பிரமிடைத் தலைகீழாகப் போட்டால் இது: அங்கே மௌனம் தகவல், இங்கே கூச்சல்.

நாவலில் அதன் பக்கங்கள் 1:4:9 என்ற விகிதம், அதாவது 1, 2, 3 ஆகியவற்றின் வர்க்கம். படத்திலிருப்பதை அளந்து பார்த்து 'பொருந்தவில்லையே' என்பவர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். செட்டில் இருந்த பலகை இன்னும் மெல்லியது. முதலில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக்கில் பெரிய கட்டி வார்த்துப் பார்த்தார்கள், கேமராவுக்கு எடுபடவில்லை. பிறகே கறுப்பு.

புத்தகத்துல சனிக்குப் போறாங்க, படத்துல வியாழனுக்கு. எது சரி?

இரண்டும் அதனதன் உலகில் சரி. நாவலில் டிஸ்கவரி என்ற விண்கப்பல் வியாழனின் ஈர்ப்பால் வேகம் கூட்டிக்கொண்டு சனிக்குப் போகிறது. முடிவு, ஒரு பக்கம் வெளுப்பும் மறுபக்கம் கறுப்புமான இயாபிடஸ் என்ற துணைக்கோளில். படத்தில் சனியின் வளையங்களை நம்பும்படி செய்ய விசேஷக் காட்சிக் குழுவால் முடியவில்லை. குப்ரிக் வியாழனோடு நிறுத்திக்கொண்டார்.

சிக்கல் பின்னால் வந்தது. 1982இல் கிளார்க் '2010' எழுதியபோது தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பின்தொடர்ந்து, கப்பல் வியாழனருகே நிற்பதாகவே தொடங்கினார். ஆகவே '2001' நாவலை முடித்த கையோடு '2010' எடுத்தால் தடுக்கும். '2061', '3001' இரண்டிலும் இப்படிச் சின்னச் சின்ன முரண்கள் உண்டு. நான்கையும் ஒரே கதையின் பாகங்கள் என்று பார்க்காமல், ஒரே ராகத்தின் நான்கு ஆலாபனை என்று எடுத்துக்கொண்டால் தொல்லையில்லை.

ஹால் கம்ப்யூட்டர் பேரு ஐ.பி.எம்.-ஐ ஒரு எழுத்து பின்னாடி தள்ளி வெச்சதுதானே?

டிஸ்கவரி கப்பலை இயக்கும் கம்ப்யூட்டர் ஹால் (HAL). ஆங்கில எழுத்துகளைத் தள்ளினால் IBM-ஓடு பொருந்துகிறது, உண்மை. தற்செயல் என்று கிளார்க் கடைசிவரை மறுத்தார். 'ஹியூரிஸ்டிக்', 'அல்காரிதமிக்' என்ற சொற்களின் தலையெழுத்துகளிலிருந்து பெயர் வந்தது என்பது அவர் விளக்கம். '2010' நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயாலேயே இந்த வதந்தியை மறுக்கவைத்தார்.

மறுப்பவர் ஹாலுக்குப் பாடம் சொன்ன டாக்டர் சந்திரா. தமிழர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. '2010' நாவலில் அவர் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. வட இந்தியப் பெயரை எடுத்து ஒட்டாமல், இலங்கையில் பல வருடம் இருந்தவருக்குத்தான் இப்படி ஒரு பெயர் வாயில் வரும். '2001' நாவலிலும் ஹாலின் முதல் ஆசிரியர் சந்திராதான். படத்தில் மட்டும் லாங்லி என்று மாற்றிவிட்டார்கள். 1984இல் வந்த '2010' படத்தில் சந்திராவாக நடித்தவர் அமெரிக்கரான பாப் பாலபன். பெயர் தப்பியது, முகம் தப்பவில்லை.

ஹால் இயங்கத் தொடங்கிய தேதியும் மாறும்: படத்தில் 1992 ஜனவரி 12, நாவலில் 1997 ஜனவரி 12. ஊர் இரண்டிலும் இலினாயின் அர்பானா. சாகும்போது பாடும் 'டெய்சி' பாட்டு கற்பனையல்ல; 1961இல் பெல் ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் பாடவைத்தது அந்தப் பாட்டைத்தான்.

ஹால் ஏன் கொலை பண்ணுச்சு? பைத்தியமா, பயமா?

படத்தை மட்டும் பார்த்தால் பயம் என்றுதான் தோன்றும். தன்னை அணைக்கப் போவதை உதடு அசைவில் படித்துவிட்டுத் தாக்குகிறது. ஆனால் கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: நன்றாக இருக்கும் ஆண்டெனாக் கருவி பழுதாகப் போகிறது என்று தவறாகச் சொல்கிறதே, அங்கே.

நாவல் காரணத்தை விளக்குகிறது. பயணத்தின் உண்மையான நோக்கம், அதாவது நிலவில் கிடைத்த பலகை, ஹாலுக்குத் தெரியும்; விழித்திருக்கும் பயணிகள் இருவருக்கும் தெரியாது. தகவலைத் திரிக்காமல் தருவதே அதன் அடிப்படை, கூடவே மறைக்கவும் உத்தரவு. இரண்டும் மோதியதில்தான் அது தடுமாறுகிறது. பூமியோடு தொடர்பு அறுந்தால் பொய் சொல்லவேண்டிய அவசியமும் போய்விடும். பழுதென்று அது காட்டிய கருவி அந்தத் தொடர்புக்கானதுதான் என்பதைக் கவனியுங்கள். ஹாலை அணைத்ததும் திரையில் தானாக ஓடும் பதிவுச் செய்தியை மறுபடி கேளுங்கள். படம் தரும் ஒரே குறிப்பு அது.

சக்கரத்துக்குள்ள சுத்திச் சுத்தி ஓடுறாரே, அதை எப்படி எடுத்தாங்க? அப்படி நிஜமாவே எடை கிடைக்குமா?

அந்தச் சக்கரம், டிஸ்கவரிக்குள் சுழன்று பயணிகளுக்கு எடை தரும் அறை. அதற்காக 38 அடி விட்டத்தில் நிஜமாகவே ஒரு ராட்சத உருளை கட்டினார்கள். நடிகர் எப்போதும் அடியில்தான் இருக்கிறார். அவர் ஓட ஓட உருளைதான் சுற்றுகிறது, ராட்டினக் கூண்டுக்குள் அணில் ஓடுவது போல. கேமரா செட்டோடு சேர்ந்து சுற்றினால் ஆள் மேலே ஏறுவதாகத் தெரியும். ஒருவர் ஏணியில் இறங்கி வந்து, தலைகீழாக உட்கார்ந்து சாப்பிடும் மற்றவரை நோக்கி நடக்கும் காட்சியில், சாப்பிடுபவரை நாற்காலியோடு கட்டி, சாப்பாட்டைத் தட்டில் ஒட்டிவைத்திருந்தார்கள். விண்கலத்தில் மிதக்கும் பேனாவுக்கு இதைவிட எளிய வழி: பெரிய கண்ணாடித் தகட்டில் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டி, தகட்டைச் சுழற்றினார்கள். பணிப்பெண் பேனாவை எடுக்கும் நொடியில் அது 'விடுபடுவது' உற்றுப் பார்த்தால் தெரியும்.

எடை கிடைக்குமா என்பதற்கு நாவலின் எண்ணைப் பார்ப்போம்: விட்டம் 35 அடி, பத்து நொடிக்கு ஒரு சுற்று, கிடைப்பது நிலவின் ஈர்ப்பு. ஆரம் 5.3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பாதத்தில் ஈர்ப்பு வினாடிக்கு வினாடி 2.1 மீட்டர், ஐந்தரை அடி மேலே தலையில் 1.4. நிலவில் 1.6. இரண்டுக்கும் நடுவே சரியாக வந்து விழுகிறது. பூமியளவு எடை வேண்டுமென்றால் இதே உருளை நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும். தலையைத் திருப்பினாலே வாந்தி வரும். அதனால்தான் கிளார்க் நிலவோடு திருப்திப்பட்டார்.

ஹெல்மெட் இல்லாம வெற்றிடத்துல குதிக்கிறாரே, வெடிச்சுற மாட்டாரா?

மாட்டார். தோல் தாங்கும். நினைவு பத்துப் பதினைந்து நொடியில் போகும், அதற்குள் உள்ளே வந்து காற்று நிரம்பினால் பிழைக்கலாம். 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிடக் கூடத்தில் ஒருவரின் உடைக்குழாய் கழன்று இப்படி நடந்தது. சுமார் 14 நொடியில் மயங்கினார், பிழைத்துக்கொண்டார்.

தவறு வேறிடத்தில் இருக்கிறது: கதவு வெடிக்கும் முன் அந்தப் பயணி, பவ்மன், மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். செய்யக்கூடாதது அதுதான், நுரையீரல் கிழியும். மூச்சை வெளியே விட்டிருக்கவேண்டும். படப்பிடிப்பில் தான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று கிளார்க்கே பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார். காட்சியின் நிசப்தம் மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

செயற்கைக்கோளைக் கண்டுபிடிச்சவரே இவர்தான்னு சொல்றாங்களே?

கொஞ்சம் குறைத்துச் சொல்லவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் பொருள் பூமியோடு சேர்ந்து சுழல்வதால், தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். இந்தப் பாதையைப் பொறியாளர் ஹெர்மன் பொட்டோச்னிக் 1920களின் கடைசியிலேயே எழுதிவிட்டார். கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் சேர்த்தது, உலகம் முழுக்க ஒலிபரப்ப அங்கே மூன்று நிலையங்கள் போதும் என்ற யோசனையை. எந்தத் தீர்க்கரேகைக்கு மேல் எது நிற்கும், மின்சாரம் எவ்வளவு தேவை என்று கணக்கும் கொடுத்தார். காப்புரிமை எடுக்கவில்லை, ஓய்வு நேரத்தில் நூறு கோடி டாலரைத் தொலைத்த கதை என்று பின்னால் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார். 1964இல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அந்த இடத்தில் போய் நின்றது.

இன்று வீட்டு மாடியில் டிஷ்ஷை ஒரே திசையில் திருகி இறுக்கிவிட்டு மறந்துவிட முடிவது இந்தப் பாதையால்தான். செயற்கைக்கோள் வழியாகப் பேசும் தொலைக்காட்சி நிருபர் கேள்வி கேட்டபின் விழித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்: போய்வர ஒளிக்கே கால் நொடி, பதிலோடு சேர்த்தால் அரை நொடி.

அப்போ அவர் சொன்னதெல்லாம் பலிச்சுதா?

இல்லவே இல்லை. அந்த 1945 கட்டுரையிலேயே நிலையங்களில் மனிதர்கள் இருப்பார்கள் என்றுதான் நினைத்தார். வால்வு ரேடியோ காலம், எரிந்துபோன வால்வை மாற்ற ஆள் வேண்டுமே. 1961இல் எழுதிய 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' நாவலில் நிலவின் தூசிக்கடலில் சுற்றுலாப் படகு மூழ்குகிறது. ஐந்து வருடத்தில் லூனா 9 என்ற ஆளில்லாச் சோவியத் விண்கலம் நிலவில் இறங்கி, தரை கெட்டி என்று காட்டிவிட்டது. கதை அப்படியும் மூச்சைப் பிடித்துப் படிக்கவைக்கும்: மூழ்கிய படகில் வெப்பம் எப்படி ஏறுகிறது, காற்று எவ்வளவு நேரம் வரும் என்று ஒவ்வொரு சிக்கலாக அவிழ்ப்பார்.

வேற கதைங்க டிவியில வந்திருக்கா?

'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' 2015இல் மூன்று பகுதித் தொடராக வந்தது. நாவலைப் படித்தபின் பாருங்கள், வேற்றுலகத்தவர் முகத்தைக் காட்டும் இடத்தை நாவல் பொறுமையாகச் சேமித்து வைத்திருக்கிறது.

ராமா கதையில கடலோட ஒரு கரை 50 மீட்டர், எதிர்க்கரை 500 மீட்டர். ஏன் அப்படி?

நல்ல கேள்வி. நாவலின் சிறந்த இடமும் இதுதான். 'ராண்டேவூ வித் ராமா'வில் வரும் ராமா என்பது வேற்றுலகத்தவர் கட்டிய விண்கப்பல்: 50 கி.மீ. நீளமான, உள்ளே வெற்றான உருளை, உள்விட்டம் 16 கி.மீ., நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று. சக்கரத்துக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால் உள்தரையில் பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். நடு அச்சில் எடையே இல்லை. ஆகவே நுழைந்தவர்கள் படிக்கட்டில் இறங்க இறங்கக் கனக்கிறார்கள்.

கடல் உருளையின் இடுப்பில் வளையமாகச் சுற்றியிருக்கிறது, அகலம் 10 கி.மீ. கப்பல் வேகம் கூட்டினால் தண்ணீர் பின்னால் அடிக்கும், பஸ் கிளம்பும்போது குடத்துத் தண்ணீர் பின்பக்கம் ததும்புவது போல. 500 மீட்டர் கரை அந்தத் ததும்பலுக்கான தடுப்பு. அதிலிருந்து மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது: ராமாவுக்கு இயந்திரம் உண்டு, அது தள்ளும் திசை எது, அதிகபட்சம் எவ்வளவு வேகம் கூட்டும். ஒரு வேற்றுலகத்தவரையும் காட்டாமல், ஒரு சுவரின் உயரத்தை வைத்தே இவ்வளவும். பின்னால் எழுத்தாளர் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து வந்த மூன்று தொடர்ச்சி நாவல்களில் இந்த அடக்கம் கிடையாது. முதல் புத்தகத்தோடு நிறுத்தினால் இழப்பில்லை.

திருகோணமலைக் கடல்ல கோயில் கண்டுபிடிச்சதும், வெள்ளிக்காசுப் புதையல் எடுத்ததும் ஒரே இடமோ?

இல்லை, இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள்; தூண்களும் கற்களும் பாறைக்குக் கீழே கடலில் விழுந்தன. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் மூழ்கிப் பார்த்ததை 'தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரோபேன்' நூலில் கிளார்க் எழுதினார். வெள்ளிக்காசு கிடைத்தது 1961இல், தீவின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் கலங்கரை விளக்கத்தருகே. கண்டவர் வில்சன். அவை ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள்.

'ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவல்ல இலங்கையோட வரைபடம் ஏன் ஒத்துப்போகல?

வேண்டுமென்றே நகர்த்தினார். 1979இல் வந்த அந்த நாவல் பூமியிலிருந்து வான்பாதை வரைக்கும் கட்டும் மின்தூக்கியைப் பற்றியது. மேலே நங்கூரம் மேற்சொன்ன 35,786 கி.மீ. பாதையில்தான், அது நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டுமே அசையாமல் நிற்கும். இலங்கையோ வடக்கே ஆறு முதல் பத்து பாகைக்குள். ஆகவே தீவை 800 கி.மீ. தெற்கே தள்ளி, தப்ரோபேன் என்று பழைய கிரேக்கப் பெயரைச் சூட்டினார். சிவனொளிபாத மலையின் உயரத்தை இரட்டித்து, சிகிரியா பாறைக்கோட்டையின் பக்கத்தில் கொண்டுவந்தார். நிஜத்தில் சிகிரியாவுக்கும் சிவனொளிபாத மலைக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல்.

தூக்கியின் கயிறுதான் உண்மையான சிக்கல். எஃகுக் கம்பியை அவ்வளவு நீளம் தொங்கவிட்டால் தன் எடையாலேயே அறுந்துவிடும். அதனால் வைரப் படிகத்தால் இழுத்த, கண்ணுக்குத் தெரியாத இழையை நாவலில் கொண்டுவந்தார். கருத்து அவருடையதல்ல, லெனின்கிராட் பொறியாளர் யூரி அர்ட்சுட்டானோவ் 1960இலேயே எழுதியது.

நாவலில் மலையுச்சி மடத்தின் பிக்குகள் இடத்தைத் தர மறுக்கிறார்கள், வழக்கிலும் ஜெயிக்கிறார்கள். அப்புறம் ஒரு புயல் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளை உச்சிவரை அடித்துக்கொண்டு வருகிறது. பழைய ஐதீகம் பலித்ததென்று அவர்கள் மலையை விட்டுப் போகிறார்கள். சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்று ஒரு பெயர் உண்டு. சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி.